அறுபதுக்கு மேல் கோயில் யாத்திரை: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடுவதுதான் ஓய்வு பெற்றவர்கள் செய்யும் முதல் தவறு. நாற்பது வயதுக்காரருக்கு அது சரி. எழுபதில் அது தண்டனை.

திங்களூர் திருவையாற்றுப் பக்கம் இருக்கிறது, கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம். கும்பகோணத்தில் விடியற்காலை ஏறினால் திரும்ப இரவாகிவிடும். நடுவில் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தினால், பெரும்பாலான கோயில்களில் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் ஓட்டுநர் காலையிலேயே முடிந்தவரை முடித்துவிடப் பார்ப்பார். "இருபது நிமிஷந்தான், சீக்கிரம் வாங்க" என்பார். முட்டிவலிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரகாரம் சுற்றியதைவிட, வேனின் அந்த உயரமான படியில் ஒன்பது தடவை ஏறி இறங்கியதுதான் காலை வாங்கியது என்பார்கள்.

இதையே இரண்டு நாளாகப் பிரித்தால் நிம்மதி. முதல் நாள் கும்பகோணத்தில் தங்கி சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, திங்களூர். மறுநாள் மயிலாடுதுறையில் தங்கி வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மதியம் அறையில் படுத்து எழுந்திருக்கலாம். திருநள்ளாற்றில் சனிக்கிழமை சனீஸ்வரனைப் பார்ப்பது விசேஷம்தான், ஆனால் அது ஊருக்கே தெரியும், கூட்டம் நெரியும். செவ்வாயோ புதனோ போனால் சாமியை நின்று பார்க்க முடியும். ஆலங்குடி குரு தலம், அதனால் அங்கே வியாழக்கிழமையைத் தவிருங்கள்.

ரயில் டிக்கெட்டிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே டிக்கெட்டாகப் போடுவார்கள், அல்லது மகன் தன் குடும்பத்தோடு அப்பா அம்மாவையும் சேர்த்துப் போடுவார். ரயில்வேயில் கீழ்ப் படுக்கைக்கென்றே மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான் இருக்கலாம். எனவே நாலு பேரென்றால் இரண்டிரண்டு பேராக இரண்டு டிக்கெட், பிள்ளைகளுக்குத் தனி டிக்கெட். பொது ஒதுக்கீட்டிலும் பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை விழ வாய்ப்புண்டு, ஆனால் கிடைத்தால்தான் உண்டு. "யாராவது சின்னப் பசங்க மாத்திக் கொடுப்பாங்க" என்று நம்பி ஏறாதீர்கள், அவர்களோடும் ஒரு பாட்டி வந்திருப்பார். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், பழைய நினைப்பில் பட்ஜெட் போட வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் உண்மையில் ஆபத்தானது. சர்க்கரை மாத்திரையைக் காலையில் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, "சாமி பார்த்துட்டுத்தான் சாப்பாடு" என்று வரிசையில் நிற்பது. வரிசை இரண்டு மணி நேரம் நகராது, மாத்திரை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கூட இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று விசிறிவிடுவார்கள். வேண்டியது விசிறியல்ல, உடனே வாயில் சர்க்கரை. குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வையுங்கள், வேனில் விட்டுவந்த பையில் இருந்தால் பிரயோஜனமில்லை. விரதம் இருந்தே தீர வேண்டுமென்றால், அன்றைக்கு எந்த மாத்திரையை எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினையும் வெயிலில் நிற்கும் வண்டியில் விடக் கூடாது. ஐஸ் கட்டியோடு ஒட்டவைப்பதும் தவறு, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்னொன்று. மதிய வெயிலில் பிரகாரக் கல் கொதிக்கும். மற்றவர்கள் துள்ளி ஓடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். சுற்றுவதைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள், தடிமனான பருத்திக் காலுறை போடுங்கள். படுக்கப் போகுமுன் செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது, குறிப்பாகப் பெண்கள், எல்லாப் பயணத்திலும் நடக்கிறது. வெயிலில் இது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தச் சொல்லி ஏறும்போதே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பழனியில் ரோப் கார் இருக்கிறது என்ற தைரியத்தில் போவார்கள். பராமரிப்புக்காக அதை அவ்வப்போது நிறுத்துவார்கள், பலத்த காற்றடித்தாலும் ஓடாது. அன்றைக்கு ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் வின்ச் (தண்டவாளத்தில் மலையேறும் இழுவை ரயில்) வரிசைக்குத் தயாராகப் போங்கள். கேதார்நாத் விஷயம் வேறு. "ஹெலிகாப்டரில் போனால் கஷ்டமே இல்லை" என்பது பாதி உண்மை. கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். காலுக்கு வேலையில்லை, ஆனால் சில நிமிடங்களில் அந்த உயரத்துக்குப் போய் இறங்கும்போது உடம்பு பழக அவகாசமே கிடைப்பதில்லை. இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் பரிசோதனை செய்யாமல் கிளம்பக் கூடாது.

காசிக்கு மே மாதம் வேண்டாம், வெயில் தாங்காது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பனிமூட்டத்தில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், அதே நாளில் கயாவுக்கு அடுத்த வண்டி என்று திட்டம் போட்டால் கெட்டுப்போகும். நவம்பர் நல்ல மாதம். ஆனால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதமும் அதுதான். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் நேர்காணல் மாதம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜீவன் பிரமான் செயலியில் முகத்தைக் காட்டியே சான்று அனுப்பிவிடலாம். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தால், காசியில் தங்கியிருக்கும் சத்திரத்திலிருந்தே வேலையை முடித்துவிடலாம்.