புல்தரை இருந்த இடத்தில் பொடுதலையும் வல்லாரையும்

புல்தரையைப் பச்சையாக வைத்திருக்கக் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் அதிலிருந்து ஒரு பிடிக் கீரைகூட நமக்குக் கிடைப்பதில்லை. அதே தரையை மூடிப் படர்ந்து, உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் செடிகள் நம் ஊர் வாய்க்கால் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து முற்றம் முழுவதையும் மூடிவிட முயல்வதுதான் பலரும் செய்யும் பிழை. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் முற்றத்தைப் பார்த்து, எங்கே வெயில் நிற்கிறது, எங்கே நிழல் விழுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே செடியைத் தேட வேண்டும்.

அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது கோரையை ஒழிப்பது. மேலே வெட்டினால் கோரை சாகாது. அதன் கிழங்குகளில் பெரும்பாலானவை மேல்மண்ணில் 15 செ.மீ. ஆழத்துக்குள் இருப்பதால், மண்ணைக் கொத்திப் புரட்டி அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் முளைப்பவற்றையும் கிழங்கோடு எடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் காட்டும் பொறுமையே பின்னாளில் களையெடுக்கும் உழைப்பைக் குறைக்கும். பிறகு மட்கிய தொழுவுரத்தை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பிக் கலந்துவிடலாம். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ நட்டால், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

வெயில் நிற்கும் இடத்துக்கும் நடமாட்டம் உள்ள இடத்துக்கும் பொடுதலையே முதல் தேர்வு. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு ஒட்டிப் படர்வதால், அளவான மிதிபாட்டை அது தாங்கும். வேர் பிடித்த பின் சில நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளை 20 செ.மீ. இடைவெளியில் நட்டால், நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 230 துண்டுகள் தேவைப்படும். அவ்வளவையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் நாற்றங்கால்போல வளர்த்து, அங்கிருந்தே வெட்டி நட்டுக்கொண்டு போகலாம். இலையைத் துவையலாக அரைத்து உண்பதும், பொடுகுக்கு எண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்ப்பதும் நம்மிடையே நெடுநாள் வழக்கம். இதன் சிறு பூக்களைத் தேனீக்கள் விரும்பி நாடும். ஆகவே வெறுங்காலோடு ஓடி விளையாடும் குழந்தைகள் உள்ள வீட்டில், பூ மிகும்போது மேலோட்டமாகக் கத்தரித்துவிடுவது நல்லது.

மா, முருங்கை போன்ற மரங்களின் அரைநிழலிலும் ஈரம் காயாத இடத்திலும் வல்லாரை செழிக்கும். விதையை நம்ப வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் வேரோடு கூடிய கொடித்தண்டுகள் இருந்தால் அவையே போதும். வல்லாரை மிதிபடத் தாங்காது என்பதால், நடக்கும் வழியில் கற்பலகைகளைப் பதித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தேடி நத்தைகள் வரும். அவற்றை இரவில் கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுவதே, உண்ணும் கீரைக்கு ஏற்ற வழி.

தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நீர்ப்பிரமியையும், அதன் ஓரத்தில் பொன்னாங்கண்ணியையும், மணற்பாங்கான வெயில் இடத்தில் தரைப்பசலையையும் நடலாம். வள்ளலார் பொற்றலைக் கையாந்தகரை என்று போற்றிய மஞ்சள் கரிசாலையும் ஈரமான அரைநிழலில் நன்கு படரும். ஆனால் அதை வாங்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். சாலைத் தடுப்புகளில் அழகுக்காக வளர்க்கப்படும் மஞ்சள் பூக்கொடியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அது வேறு செடி, உண்பதற்குரியதன்று, நட்டால் மற்றெல்லாவற்றையும் மூடிவிடும். தரைப்பசலையைப் பறிக்கும்போதும் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அது தரைப்பசலை அன்று.

இவை யாவும் வாயில் வைக்கும் பொருள்கள் என்பதால் பாய்ச்சும் நீரைப் பற்றி நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நீர்ப்பிரமி, மண்ணிலும் நீரிலும் உள்ள காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே சாக்கடை நீர் கலக்கும் இடத்திலோ வாகனம் கழுவும் இடத்திலோ வளர்ந்ததை உண்ணக் கூடாது. நாய், பூனை புழங்கும் வாயிலோரத்தை அழகுக்கு மட்டும் விட்டுவிட்டு, சமையலுக்கென உட்புறத்தில் ஒரு பாத்தியை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள், ஆக்சலேட் மிகுந்த தரைப்பசலையைத் தவிர்ப்பது நல்லது. கருவுற்றவர்களும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் வல்லாரை, நீர்ப்பிரமி ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்ட பின்பே உண்ண வேண்டும்.

நட்ட முதல் இரண்டு மாதம் எதையும் பறிக்காமல் களையை மட்டும் எடுத்து வாருங்கள். தரை மூடிய பின், ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்காமல், பொன்னாங்கண்ணியின் நுனியை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளியும், வல்லாரையின் முதிர்ந்த இலைகளைக் காம்போடு பறித்தும் எடுத்தால், அடுத்த சில வாரங்களில் அதே இடம் மீண்டும் தழைத்துவிடும்.