தண்ணீர் ராக்கெட்டின் மூக்கில் ஒரு கேமரா

மாதிரி ராக்கெட்டில் கேமராவை ஏற்றிப் படம் எடுக்க விரும்புவோர் முதலில் தேடுவது வெடிமருந்து அடைத்த சிறு மோட்டாரைத்தான். அந்தத் தேடலைத் தொடக்கத்திலேயே கைவிடுவது நல்லது. வெடிபொருளை உரிமமின்றித் தயாரிப்பது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து வீட்டிலேயே மோட்டார் செய்ய முயல்வது விரல்களையும் கண்களையும் பணயம் வைக்கும் வேலை. நெருப்பே இல்லாமல், தண்ணீரும் அழுத்தப்பட்ட காற்றும் மட்டும் கொண்டு ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்துக்குக் கேமராவை அனுப்ப முடியும். அதற்கு வேண்டிய பொருள்களையெல்லாம் சேலத்தின் பழைய பொருள் கடையிலும் பஞ்சர் கடையிலும் பிளம்பிங் கடையிலும் வாங்கிவிடலாம்.

உடலாகப் பயன்படுவது 2 லிட்டர் குளிர்பான பாட்டில். வாயு நிறைத்த பானத்துக்கென்று செய்யப்பட்ட பாட்டிலாகவே அது இருக்க வேண்டும், ஏனெனில் குடிநீர் பாட்டில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. கீறலோ மடிப்போ விழுந்த பாட்டிலையும், சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்து வடிவம் மாறிய பாட்டிலையும் ஒதுக்கிவிட வேண்டும். அழுத்தம் தாங்கும் இந்தப் பாட்டிலின்மேல் சூடான பசையோ உப்புத்தாளோ பட்டால் அந்த இடம் பலவீனமாகிவிடும். ஆகவே இன்னொரு பாட்டிலின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி, இறக்கைகளை அதில் பொருத்தி, அந்த வளையத்தை முதல் பாட்டிலின்மேல் சட்டைபோல மாட்டி, பேக்கிங் டேப்பால் சுற்றி நிறுத்துவதே சரியான முறை. இறக்கைகளுக்கு ஃபிளெக்ஸ் அச்சகங்களில் மீதமாகும் 3 மி.மீ. சன்போர்டு என்னும் நுரைப்பலகை போதும். மூன்று இறக்கைகளும் 120 பாகை இடைவெளியில், இம்மியும் சாயாமல் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் ராக்கெட் சுழலும், எடுத்த படம் பார்ப்பவருக்குத் தலைசுற்றலைத்தான் தரும்.

எடைக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்வது அவசியம். வெறும் பாட்டில் சுமார் 50 கிராம். சாவிக்கொத்தில் தொங்கும் வகைக் கேமரா சுமார் 20 கிராம். மூக்கு, இறக்கைகள், பாராசூட், டேப் எல்லாம் சேர்ந்து, தண்ணீர் நீங்கலாக, 200 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் கேமராவின் எடையைச் சுமையாக நினைப்பது பலரும் செய்யும் பிழை. ராக்கெட் நேராகப் பறக்க அதன் எடைமையம் (எடை சமநிலையாகும் புள்ளி), காற்றழுத்த மையத்துக்கு (பறக்கும்போது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) முன்னால் குறைந்தது ஒரு பாட்டில் விட்டத்தின் அளவு, அதாவது சுமார் 11 செ.மீ., தள்ளி இருக்க வேண்டும். அதற்காக மூக்கில் களிமண்ணை அடைக்கிறோம். அந்தக் களிமண்ணின் இடத்தில் கேமராவை வைத்துவிட்டால் ஒரே எடை இரண்டு வேலைகளைச் செய்கிறது.

எடைமையத்தை விரல்மேல் ராக்கெட்டைக் கிடத்தியே கண்டுவிடலாம். காற்றழுத்த மையத்துக்கு, ராக்கெட்டின் பக்கவாட்டு நிழலுருவை அட்டையில் வெட்டி, அந்த அட்டை சமநிலையில் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டால் போதும். இது துல்லியமான கணக்கு அல்ல என்றாலும் பிழை பாதுகாப்பான பக்கமே இருக்கும். பிறகு தண்ணீர் ஊற்றாத ராக்கெட்டை, பாராசூட்டும் கேமராவும் உள்ளே இருக்க, எடைமையத்தில் 2 மீட்டர் கயிறு கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னோக்கிச் சென்றால் சரி. வால் முந்தினால் இறக்கையைப் பெரிதாக்க வேண்டும் அல்லது மூக்கின் எடையைக் கூட்ட வேண்டும்.

கேமராவை மூக்கின் பக்கவாட்டில், கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு, பஞ்சு வைத்துப் பொருத்தலாம். புறப்படும் அதிர்ச்சியைக் குறைவாக எடைபோட்டுவிடக் கூடாது. பாட்டிலின் முழு வாய் வழியாக 650 மி.லி. தண்ணீரும் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள் வெளியேறிவிடுவதால், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 30 மடங்கைத் தாண்டும். என் முதல் முயற்சியில் கேமரா பத்திரமாகத் திரும்பியது, மெமரி கார்டு மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. அன்றிலிருந்து கார்டு செருகும் வாயின்மேல் டேப் ஒட்டாமல் நான் எதையும் ஏவுவதில்லை.

ஏவுதளத்துக்கு அரை அங்குல யுபிவிசி குழாய் ஏற்றது. பாட்டிலின் கழுத்தைக் கடைக்கே எடுத்துச் சென்று, குழாய் உள்ளே வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. குழாயில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினால் கசிவு நிற்கும். சுற்றிலும் கேபிள் டைகளைக் கட்டி, அவற்றின் தலைகள் பாட்டில் கழுத்தின் விளிம்பைப் பற்றும்படி அமைத்து, அந்தத் தலைகள்மேல் இறுக்கமாகச் சறுக்கும் ஒரு பெரிய குழாய்த் துண்டை வைத்தால் அதுவே பூட்டு. அந்தத் துண்டைக் கயிற்றால் கீழே இழுத்தால் ராக்கெட் விடுபடும். குழாயின் மறுமுனை மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, 5 மீட்டர் ஏர் ஹோஸ் வழியாக, அளவுமானி உள்ள சைக்கிள் பம்பை இணைக்க வேண்டும். வேலை செய்யும் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. போதும். புதிய பாட்டில் ஒவ்வொன்றையும் முதலில் வாய்வரை தண்ணீர் நிரப்பி 90 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த பாட்டில் உடைந்தாலும் காற்று நிறைந்ததைப்போல் வெடித்துச் சிதறாது. பத்து முறை பறந்த பாட்டிலுக்கு ஓய்வு கொடுப்பது என் வழக்கம்.

பாராசூட்தான் இந்த வேலையில் பாதி. குப்பைப் பையை 60 செ.மீ. விட்டத்தில் எண்கோணமாக வெட்டி, எட்டு நூல்கள் கட்டினால், 200 கிராம் ராக்கெட் விநாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் இறங்கும். அதை விரிக்க, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடைகளில் கிடைக்கும், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையின் உள்ளியந்திரத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். பாராசூட் கதவைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தை அந்த இயந்திரத்தின் அச்சில் மாட்டி, ஏவிய மூன்றாவது விநாடியில் வளையம் நழுவும்படி தரையிலேயே பலமுறை ஒத்திகை பார்க்க வேண்டும்.

பொம்மை ஆடியில் கிடைக்கும் என்பதற்காக ஆடியிலேயே ஏவிவிடக் கூடாது. 40 மீட்டரிலிருந்து இறங்கப் பத்து விநாடி ஆகும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே ராக்கெட் 30 மீட்டர் தள்ளிப் போய் விழும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த வயலோ வறண்ட ஏரியோ, பக்கத்துக்கு 100 மீட்டர் திறந்தவெளியாக, மின்கம்பியும் சாலையும் இல்லாமல் கிடைத்தால், காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையப் பக்கம் போகவே வேண்டாம்; வேறு இடமானாலும் நில உரிமையாளரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டில் ஏவினால் காட்சி அழகாக இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றும் சற்று மெலிந்ததுதான். ஆனால் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் பாராசூட்டைப் பிடித்தால் திருப்பித் தருவதில்லை, காலை மூடுபனியில் கேமராவும் எதையும் பார்ப்பதில்லை.

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நிரப்பி, கேமராவில் பதிவைத் தொடங்கிய பிறகே பம்பைத் தொட வேண்டும். காற்று ஏறிய ராக்கெட்டை யாரும் நெருங்கக் கூடாது. பூட்டு சிக்கிக்கொண்டால் பம்பின் முனையிலிருந்தே காற்றை இறக்கிவிட வேண்டும். படத்தைப் பார்க்கும்போது சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளை எண்ணுங்கள். மேற்கே கஞ்சமலை, வடக்கே நகரமலையும் அதன் பின்னால் சேர்வராயனும், கிழக்கே கோதுமலை, தெற்கே ஜருகுமலை என்று நான்கு திசை மலைகளும், ராக்கெட் உச்சியை எட்டும் முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று வந்துவிட்டால், இறக்கை வளையத்தைக் கழற்றி மீண்டும் நேராக ஒட்ட வேண்டியிருக்கும்.