ஏழு தவணை பாக்கி என்றால் ஏழால் பெருக்கினால் போதுமா?

பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் என் பெரியம்மா மகனுக்கு வீட்டின் மேல் இரண்டாம் அடமானம் எழுதிப் பணம் கொடுத்திருந்தேன். முதல் அடமானம் வங்கியில். தறி ஓடாமல் போய் வங்கிக்கு ஏழு தவணை நின்றதும், வீடு ஏலம் போனால் என் பணமும் போகும் என்பதால் அந்தப் பாக்கியை நானே கட்ட முன்வந்தேன். "மூணு லட்சம் இருந்தாப் போதுங்கண்ணா, நேர் பண்ணிப் போடலாம்" என்றான் அவன். தவணை 42,000. ஏழால் பெருக்கினால் 2,94,000. நானும் சரி என்றேன். கடைசியில் கட்டியது நாலு லட்சத்துக்கு மேல்.

முதல் தவறு அந்தப் பெருக்கல்தான். நாங்கள் பணம் புரட்டுவதற்குள் இன்னும் இரண்டு தவணை ஏறிவிட்டது. அதிலேயே 3,78,000. நின்றுபோன தொகைக்கு ஓடும் வட்டி, அபராதக் கட்டணம், கணக்கில் பணமில்லாமல் திரும்பியதற்கான கட்டணம், வக்கீல் நோட்டீஸ் செலவு எல்லாம் அதற்கு மேல். அபராதத்தை மட்டும் வரிவரியாகப் பாருங்கள். 2024 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, அபராதத்துக்கு வட்டியும் போடக் கூடாது. அதனால் வாய்க்கணக்கை நம்பாமல், எந்தத் தேதி வரை எவ்வளவு, அதன்பின் நாளொன்றுக்கு எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கேட்கப்படுவது எந்தத் தொகை என்று பார்க்காமல் இருப்பது. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி (நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) வரும் நோட்டீஸ், கடன் முழுவதையும் 60 நாளில் கட்டச் சொல்லும். ஏழு தவணைக் கணக்கு அங்கே செல்லாது. எங்களுக்கும் அந்த நோட்டீஸ் வந்திருந்தது. பாக்கியை மட்டும் வாங்கிக்கொள்ள வங்கி சம்மதித்தது நல்ல நேரம். சம்மதித்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். ஏல அறிவிப்பு வெளியாகும் வரை தள்ளிப்போடவே வேண்டாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, முழுக் கடனையும் செலவோடு கட்டி மீட்கும் உரிமை அந்த அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு வரைதான்.

"ரெண்டு தவணை கட்டினா 90 நாளுக்குள்ள வந்துரும்" என்று திருப்பூர்ப் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். வராது. வாராக்கடன் ஆன கணக்கில் அசலும் வட்டியுமாகப் பாக்கி முழுவதும் தீர்ந்தால்தான் அது பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அப்புறம், வாராக்கடன் என்பது ஆளைப் பொறுத்தது. தனி ஆளாக நடத்தும் பனியன் கம்பெனி பேரில் ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) எடுத்தவரே வீட்டுக் கடனும் அதே வங்கியில் வாங்கியிருந்து, ஓடி படுத்துவிட்டால், வீட்டுக் கடனும் வாராக்கடன்தான். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றையும் வீட்டு வரி பாக்கியையும் பார்த்துவிடுங்கள். அது அரை நாள் வேலை.

நான் கடைசியில் தெரிந்துகொண்டது ஒன்று. முதல் அடமானத்தை முழுதாகத் தீர்த்தால்தான் சொத்தின் மேல் அந்த வங்கிக்கு இருக்கும் முன்னுரிமை நமக்குக் கிடைக்கும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பாக்கியை மட்டும் கட்டினால் வங்கி முன்னால், நாம் பின்னால். மறுபடி தவணை நின்று வீடு ஏலம் போனால் வங்கி எடுத்தது போக மிஞ்சுவதுதான் நமக்கு. ஆகவே பணத்தைக் கட்டும் முன்பே, அந்தத் தொகை நம் அடமானக் கடனோடு சேரும், இன்ன வட்டி என்று வக்கீலை வைத்து எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பதிவுச் செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள். நான் சேர்க்கவில்லை.