அங்கன்வாடிப் பணியாளரின் கற்பித்தலுக்குத் துணைநிற்பது எப்படி: மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் இன்றும் பலர் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி மையத்தில், குழந்தைகள் டீச்சர் என்று அழைக்கும் பணியாளருக்கு ஆசிரியர் வேலை என்பது அன்றாடப் பொறுப்புகளில் ஒரு பகுதி மட்டுமே. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்படி, துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான ஊட்டச்சத்து மற்றும் நலக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு சேவைகளும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்னும் இருவரின் கைகளில்தான் வந்து சேர்கின்றன. எடையும் உயரமும் எண்களாகப் பதிவாகின்றன. உணவும் சத்துமாவும் இருப்புக் கணக்கில் ஏறுகின்றன. முன்பருவக் கல்வியோ நடந்ததா இல்லையா என்ற ஒரு குறியோடு பதிவேட்டில் முடிந்துவிடுகிறது. அந்தக் குறிக்குப் பின்னால் குழந்தைகளிடம் உண்மையில் என்ன நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்து, அது மேம்படக் கைகொடுக்கக்கூடிய ஒரே அலுவலர், ஏறத்தாழ 25 மையங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் மேற்பார்வையாளர்தான். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு முழு நாள்

ஒரு மையத்தில் என்ன மாற வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், கதவு திறக்கும் நேரத்திலிருந்து மூடும் நேரம்வரை அங்கே ஒரு நாள் உட்கார்ந்திருங்கள். அன்றைக்குப் பதிவேடு எதையும் கேட்காதீர்கள். பார்வையாளர் பதிவேட்டில் எழுதுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியைத் தவிர்த்து, குழந்தைகளோடு பாயில், ஒரு மூலையில் அமர்வது நல்லது, ஏனெனில் நாற்காலியில் அமர்ந்த அதிகாரியின் முன்னால் எந்தப் பணியாளரும் இயல்பாகப் பாடமாட்டார். கையில் ஒரு சிறு நோட்டு போதும். பணியாளர் சொன்னதையும் குழந்தைகள் செய்ததையும் கண்டபடியே எழுதுங்கள். "நன்று", "ஆர்வமின்மை" போன்ற தீர்ப்புச் சொற்களை அன்று எழுத வேண்டாம்.

அவ்வாறு உட்கார்ந்தால் தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு கர்ப்பிணி எடை பார்க்க வருவார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது கிராம சுகாதாரச் செவிலியர் தொலைபேசியில் அழைப்பார். போஷன் டிராக்கர் செயலியில் வருகையைப் பதிவு செய்ய இணைப்புக் கிடைக்காமல் பணியாளர் வாசலுக்குச் செல்வார். இதற்கிடையே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அம்மாவைக் கேட்டு அழத் தொடங்கும். இந்த நாளைக் கண்ணால் பார்த்த மேற்பார்வையாளர் கொடுக்கும் ஆலோசனை, பார்க்காதவர் கொடுக்கும் ஆலோசனையைவிட எப்போதும் சிறியதாகவும் செய்யத்தக்கதாகவும் இருக்கும். குழந்தைகள் முழுக்கவனத்தோடு இருந்த நேரம் எது, அது எதனால் கலைந்தது என்ற இரண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்தாலே அந்த நாள் பயனுள்ள நாள்.

ஒரு மாதத்திற்கு ஒரே ஒரு செயல்

ஒரே வருகையில் பத்துக் குறைகளைச் சொல்லிவிட்டு வருவது பொதுவான வழக்கமாக இருக்கிறது. பத்தும் சரியானவையாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட மாறியிருக்காது. ஆகவே ஒரு மாதத்திற்கு ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள், அதைப் பணியாளரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள். கதை சொல்லும்போது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது அதற்கு ஒரு நல்ல தொடக்கம். "காக்கா ஏன் பானைக்குள்ள கல்லைப் போட்டுச்சு?" என்று கேட்ட மறுநொடியே பணியாளரே விடையையும் சொல்லிவிடுவதை நான் எத்தனையோ மையங்களில் பார்த்திருக்கிறேன். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு அடுத்த சொல்லைச் சொன்னால், முதல் சில நாள்கள் அமைதியாக இருக்கும் குழந்தைகள் பிறகு பேசத் தொடங்குகிறார்கள். வழக்கமாகப் பதில் சொல்லும் இரண்டு மூன்று பேரைத் தாண்டி, பின்வரிசையில் இருப்பவரின் குரலும் கேட்கிறது. இதற்குப் பணமோ புதிய பொருளோ தேவையில்லை.

பார்த்ததைப் பற்றிப் பேசும் முறை இதில் மிக முக்கியமானது. குழந்தைகள் உண்டு உறங்கத் தொடங்கியபின், உதவியாளர் அருகில் இருக்க, பத்து நிமிடம் போதும். முதலில் பணியாளரைப் பேச விடுங்கள்: "இன்னிக்குக் கதை நேரம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நீங்களும் ஐந்துவரை எண்ணுங்கள். "பெரிய பிள்ளைங்க உட்கார்ந்தாங்க மேடம், சின்னதுங்கதான் எழுந்து எழுந்து போச்சு" என்பது போல ஒரு விடை வரும். அதன்பின் நோட்டில் எழுதியதை உள்ளபடி வாசித்துக் காட்டுங்கள்: எத்தனை கேள்வி கேட்டார், அவற்றுள் எத்தனைக்குக் குழந்தைகள் விடை சொன்னார்கள், எந்தக் குழந்தை எந்த இடத்தில் எழுந்து போனது. அந்த விவரங்களைக் கேட்ட பெரும்பாலான பணியாளர்கள், மாற்ற வேண்டியதைத் தாமே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு யோசனையை மட்டும் முன்வையுங்கள். இயலுமானால் மறுமுறை வரும்போது அந்தக் கதையை நீங்களே குழந்தைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். உங்கள் முயற்சியிலும் இரண்டு குழந்தைகள் எழுந்து போவார்கள். அதைப் பணியாளர் பார்ப்பது நல்லதுதான், ஏனெனில் அதன்பிறகு உரையாடல் இருவருக்கும் பொதுவான ஒரு சிக்கலைப் பற்றியதாகிவிடுகிறது.

இரண்டு அல்லது மூன்று வாரத்திற்குள் மறுபடியும் சென்று, அந்த ஒரு செயலை மட்டும் பாருங்கள். 25 மையங்களுக்கும் ஒரே மாதத்தில் இதைச் செய்ய இயலாது. மாதம் ஐந்து மையங்கள் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். மற்ற மையங்களுக்கு வழக்கமான வருகை தொடரட்டும்.

மாதாந்திரக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம்

மாதாந்திரக் கூட்டத்தில் கற்றலுக்கான நேரத்தைக் கடைசியில் வைத்தால் அது ஒருபோதும் வராது. இருப்புக் கணக்கும் செயலியில் விடுபட்ட பதிவுகளும் நேரத்தைத் தின்றுவிட, நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள் பேருந்தைப் பிடிக்க எழுந்துவிடுவார்கள். எனவே முதல் ஒரு மணி நேரத்தைக் கற்றலுக்கென்று ஒதுக்கி, பதிவேட்டு வேலையை அதற்குப் பின் வையுங்கள். அவசரச் சுற்றறிக்கை வந்த மாதத்திலும் இந்த வரிசையை மாற்றாதிருந்தால்தான் பணியாளர்கள் இதை நம்புவார்கள்.

ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்து, சென்ற மாதம் முயன்று பார்த்ததை அவரவர் சொல்வதில் கூட்டத்தைத் தொடங்கலாம். சரிவராதவற்றையும் சொல்ல இடம் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் எந்தக் குழுவின் பக்கத்திலும் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்காதிருப்பது உதவும். அடுத்து ஒரு பணியாளர் ஒரு செயல்பாட்டை மற்றவர்களைக் குழந்தைகளாக வைத்து நடத்திக் காட்டட்டும். மாநிலத்தின் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டத்தில் வரும் மாதத்திற்குரிய கருப்பொருளிலிருந்தே அதை எடுத்தால், மறுநாளே மையத்தில் பயன்படும். மீதி நேரத்தில் அந்தச் செயல்பாட்டுக்கான பொருளை எல்லோரும் செய்து எடுத்துச் செல்லலாம்: பனையோலையில் கிலுகிலுப்பை, பழைய சேலைத் துணியில் கைப்பொம்மை, அட்டைப்பெட்டியில் காய்கறிப் படங்கள். புளியங்கொட்டை, குன்றிமணி, பாட்டில் மூடி ஆகியவற்றை வரிசைப்படுத்தக் கொடுக்கும் பழக்கம் பல மையங்களில் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் அறையில் சிறு பொருள்கள் தொண்டையில் அடைக்கும் அபாயம் மிகுதி என்பதையும், குன்றிமணி நஞ்சுள்ளது என்பதால் அதை எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்கவே கூடாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தை ஒரே அலுவலக அறையில் நடத்துவதற்குப் பதிலாக இடவசதியுள்ள மையங்களில் மாறி மாறி நடத்தினால், படங்கள் குழந்தையின் கண்மட்டத்தில் ஒட்டப்பட்டிருப்பதையும் விளையாட்டு மூலைகள் பிரிக்கப்பட்டிருப்பதையும் சக பணியாளர்கள் நேரில் காண்பார்கள்.

உதவியாளரை விட்டுவிடாதீர்கள்

பயிற்சி என்ற சொல் வரும்போதெல்லாம் உதவியாளர் மறக்கப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி. குழந்தைக்குக் கை கழுவிவிடுவதும், ஊட்டுவதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், அழும் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதும் பெரும்பாலும் ஆயாம்மாதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மொழி வளர்வது இத்தகைய நேரங்களில் யாரேனும் முகம் பார்த்துப் பேசும்போதுதான். "இது சூடான சோறு, ஊதிட்டுச் சாப்பிடலாமா" என்று பேசிக்கொண்டே ஊட்டும் ஒருவர் கல்வித் தகுதி எதுவாயினும் முன்பருவக் கல்வியைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். எனவே மூன்று மாதத்திற்கு ஒரு முறையாவது உதவியாளர்களுக்கென்று தனி அமர்வு வையுங்கள். எழுதும் வேலை எதையும் அதில் சேர்க்காமல், பேச்சும் பாட்டும் செய்துகாட்டுதலுமாக அமைத்துக்கொள்ளுங்கள். சமையல் வேளையோடு மோதாதபடி அதைப் பிற்பகலில் வைக்க வேண்டும்.

பயிற்சி முகாம்களைப் பயனுள்ளதாக்குவது

2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய "போஷன் பீ, படாயீ பீ" (ஊட்டச்சத்தும் படிப்பும்) திட்டத்தின்கீழ்ப் பணியாளர்களுக்கு 3 நாள் பயிற்சி வகுக்கப்பட்டிருக்கிறது. பிறப்பு முதல் 3 வயது வரைக்கு நவசேதனா, 3 முதல் 6 வயது வரைக்கு ஆதார்ஷிலா என்னும் இரண்டு கையேடுகள் 2024இல் வெளியிடப்பட்டன. மூன்று நாள்களில் கேட்டது மூன்று மாதத்தில் மறைந்துவிடாதிருக்க, பயிற்சி முடிந்து வந்தவுடன் அதிலிருந்து மூன்று செயல்களை மட்டும் எடுத்து, அடுத்த மூன்று மாதக் கூட்டங்களுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 12ஆம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பையும் மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் பரிந்துரைத்தது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. எனினும் தொலைக்காட்சி, கைப்பேசி வழிப் படிப்போடு மாதம் ஒரு நேர்முக வகுப்பாவது இருக்க வேண்டும் என்று அதில் உள்ள ஒரு வரி, யார் எந்தப் படிப்பை நடத்தினாலும் கேட்டுப் பெற வேண்டியது. ஆளில்லாத காணொளியைப் பார்த்து மட்டும் குழந்தையோடு பேசப் பழகிவிட முடியாது.

பெற்றோரின் நெருக்கடியில் உடன் நிற்பது

"பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி எழுதுது, இங்க விளையாட்டுதான் நடக்குது" என்று ஒரு தாய் சொல்லும்போது, அதற்கு விடை சொல்ல வேண்டிய சுமையைப் பணியாளர் மேல் மட்டும் விடக் கூடாது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டதற்கும் பெற்றோரின் இந்த விருப்பமே ஒரு பின்னணி. பெற்றோர் கூட்டத்திற்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது நீங்களே சென்று, குழந்தைகள் மணலில் விரலால் கோடு போடுவதையும் மாவு பிசைவதையும் பெற்றோரின் கண்முன் நடத்தச் சொல்லி, பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வலு அங்கிருந்துதான் வருகிறது என்பதை விளக்குங்கள். தாயின் கவலையைப் பழிக்க வேண்டாம். தன் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. அதிகாரி நேரில் வந்து பணியாளரின் முறையைச் சரியென்று சொன்னபின், மூன்று வயதுக் குழந்தையின் கையில் சிலேட்டைத் திணிக்க வேண்டிய கட்டாயம் அவருக்குக் குறைகிறது.

பணியும் உரிமையும்

மதிப்பூதியத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் தொழில்திறனை எதிர்பார்க்கும்போது, அவருக்குரிய உரிமைகளை அறிந்து சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் வருவார்கள் என்று குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்தது. மேற்பார்வையாளர் பணியிடங்களில் பாதியை 5 ஆண்டு அனுபவமுள்ள பணியாளர்களிலிருந்தும், பணியாளர் பணியிடங்களில் பாதியை 5 ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர்களிலிருந்தும் பதவி உயர்வால் நிரப்புமாறு 2022இல் வெளியான ஒன்றிய அரசின் சக்ஷம் அங்கன்வாடித் திட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இவற்றை மாதாந்திரக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். நியமன ஆணை, இடமாறுதல் ஆணை, பயிற்சிச் சான்றிதழ்கள் அனைத்தின் நகலையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லி, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே அந்தக் கோப்பைத் தொடங்கிக் கொடுங்கள்.

புதியவரைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதம் அருகிலுள்ள மையத்தின் மூத்த பணியாளர் ஒருவரோடு இணைத்துவிடுவது நல்லது. அவரது மையத்தில் தொடக்கத்திலேயே இரண்டு நாள் உடனிருந்து பார்த்தால், அழும் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கும் முறையை எந்தக் கையேட்டையும்விடத் தெளிவாகக் கற்றுக்கொள்வார். எல்லாம் செய்தும் ஒரு பணியாளரிடம் மாற்றம் தெரியவில்லையென்றால், குறிப்பாணை கொடுப்பதைப் பற்றி நினைப்பதற்கு முன், வகுப்பைப் பற்றிப் பேசாமல் அவர் வீட்டு நிலைமையையும் உடல்நிலையையும் விசாரியுங்கள். அவர் மையத்துக் குழந்தை ஒன்று நோயுற்று இறந்திருக்கலாம். அதைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் இருந்திருக்கலாம். அப்படியொன்று தெரியவந்தால், அந்த மாதத்திற்கென்று தேர்ந்தெடுத்த செயலை ஒத்திவைத்துவிட்டு, அந்த வாரத்திலேயே மறுபடியும் ஒரு முறை அவரைப் பார்க்கச் செல்லுங்கள்.