பெர்ல் கையேட்டுப் பக்கங்களைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்ல் நிரல்மொழியின் கையேட்டுப் பக்கங்கள் ‘பாட்’ என்ற குறிமுறையில் எழுதப்படுகின்றன. 1994-ல் பெர்ல் 5 வெளிவந்தபோது அதனுடனேயே வந்த இக்குறிமுறையில், சமக்குறியோடு தொடங்கும் சில கட்டளைகளும் கோணக்குறிகளுக்கு முன் எழுதப்படும் சில ஒற்றை எழுத்துக் குறிகளும் மட்டுமே உள்ளன. கற்க அரை மணி நேரம் போதும் என்பதாலேயே பலரும் இதை அலட்சியமாகக் கையாளுகிறார்கள். ஆனால் ஒரே மூலக் கோப்பிலிருந்துதான் டெர்மினலில் படிக்கும் கையேடும், வெறும் உரையும், இணையப் பக்கமும் ‘மாற்றி’ எனப்படும் நிரல்களின் வழியே உருவாகின்றன. மூலத்தில் ஒரு குறி பிசகினால், கற்கும் ஒருவர் தவறான நிரல்வரியை நம்பித் தட்டச்சு செய்ய நேரிடும். ஆகவே வடிவமைப்புப் பிழையைத் திருத்துவதற்கு, நிரலில் உள்ள பிழையைத் திருத்தும்போது காட்டும் அதே கவனம் வேண்டும்.

அடிக்கடி கண்ணில் படுவது கோணக்குறிப் பிழை. நிரல் துண்டுகளை ‘சி’ குறிக்குள் இடுவது வழக்கம். பெர்லில் ஒரு பொருளின் செயற்கூற்றை அழைக்க -> என்ற அம்புக்குறி தேவைப்படுகிறது. சி<$பொருள்->பெயர்> என்று எழுதினால், அம்பின் முனையில் உள்ள > குறியையே முடிவுக் குறியாக ‘மாற்றி’ நிரல் எடுத்துக்கொள்கிறது. “$பொருள்-” என்பது மட்டும் நிரலாகவும், “பெயர்>” என்பது சாதாரண உரையாகவும் அச்சாகும். வரிசைப்படுத்தலுக்குப் பயன்படும் <=> குறியும் இவ்வாறே பாதியில் அறுபடும். இதைக் கண்டதும் சிலர் > குறியை நீக்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அம்பை வேறு எழுத்தால் மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே பிழையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. இரட்டைக் கோணக்குறிகளை இட்டு, உள்ளே இருபுறமும் இடைவெளி விட்டு, சி<< $பொருள்->பெயர் >> என எழுதுவதே சரியான முறை. அந்த இடைவெளி அழகுக்காக விடப்படுவதன்று, அது இல்லையெனில் இரட்டைக் குறி இரட்டைக் குறியாகவே கொள்ளப்படாது. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்றை அடுத்து இடைவெளியின்றி < வந்தாலும் ஆபத்துதான். இரண்டு மாறிகளை ஒப்பிடும் சாதாரண வாக்கியத்தைக்கூட ஒரு வடிவமைப்புக் குறியின் தொடக்கமாக அந்த நிரல் படித்துவிடும்.

வெற்று வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட் குறிமுறையில் பத்தியைப் பிரிப்பது வெற்று வரிதான். தலைப்புக் கட்டளைக்குக் கீழே வெற்று வரி விடாமல் விளக்கத்தைத் தொடங்கினால், விளக்கம் முழுவதும் தலைப்போடு ஒட்டிக்கொண்டு தடித்த எழுத்தில் வரும். வெற்று வரிபோலத் தெரிந்தாலும் இடைவெளி எழுத்துகள் ஒளிந்திருக்கும் வரியைப் பழைய மாற்றிகள் சில பிரிப்பாக ஏற்பதில்லை.

இதைவிடத் தீவிரமானது ‘=கட்’ கட்டளையை மறப்பது. ஒரு தொகுதிக் கோப்பில் நிரலும் ஆவணமும் கலந்தே இருக்கும். ஆவணம் முடிந்ததைப் பெர்லுக்குத் தெரிவிப்பது ‘=கட்’ மட்டுமே. அதை விட்டுவிட்டாலோ, அழகாக இருக்கட்டும் என்று அதன் முன் ஓர் இடைவெளி விட்டாலோ, அடுத்து வரும் துணைநிரல்கள் எல்லாம் ஆவணமாகக் கருதப்பட்டு ஓசையின்றித் தாண்டப்படும். ஆவணத்தைத் திருத்தியவர் நிரலைத் தொடவே இல்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருக்க, வேறெங்கோ துணைநிரல் வரையறுக்கப்படவில்லை என்ற பிழைச்செய்தி எழும்.

பட்டியல்களில் நேரும் தவறு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2013-ல் நடந்தது நல்ல சான்று. அவ்வாண்டு மே மாதம் வெளியான பெர்ல் 5.18-இல், பாட்2மேன் என்னும் ‘மாற்றி’ நிரல் ஆவணப் பிழைகளைத் தோல்வியாக அறிவிக்கத் தொடங்கியது. அதுவரை தடங்கலின்றி நிறுவப்பட்ட, இணையத் தொடர்புகளை மறையாக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1இ பதிப்பு, கையேட்டுப் பக்கங்களை உருவாக்கும் கட்டத்தில் நின்றுபோனது. காரணம், ஒரு கட்டளை வெற்றியில் முடிந்ததா தோல்வியில் முடிந்ததா என்று தெரிவிக்கும் முடிவு எண்களை விளக்கும் சிறு பட்டியல். அதில் முதல் உறுப்பு 0. எண் பட்டியல் என்றால் 1-இலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. ஆதலால் 0-ஐ உரை என்று கொண்ட மாற்றி, அடுத்தடுத்து வந்த 1 முதல் 5 வரையிலான எண்களைப் பார்த்து, இங்கே உரையல்லவா வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பிழை சொன்னது. எண்ணுக்கு முன் ‘இசட்<>’ என்ற வெற்றுக் குறியை இட்டால் எல்லாமே உரையாகிவிடும். ஒரு பட்டியலில் புள்ளி, எண், உரை ஆகியவற்றைக் கலக்கக் கூடாது என்பதையும், பட்டியலைத் தொடங்கும் ‘=ஓவர்’ இட்டால் அதை முடிக்கும் ‘=பேக்’ இட்டே தீர வேண்டும் என்பதையும் மறவாதிருந்தால் இத்தகைய பிழைகளில் பெரும்பகுதி தோன்றவே செய்யாது.

எழுத்துக் குறியாக்கத்தை ‘=என்கோடிங்’ கட்டளையால் கோப்பின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காவிட்டால் மாற்றி தானாக ஊகிக்கும். பழைய பாட்2மேன் பதிப்புகளில் யூடிஎஃப்-8 விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், தமிழில் எழுதிய ஒரு பெயர் கையேட்டில் வெறும் எக்ஸ் எழுத்துகளின் வரிசையாகவே வெளிப்படும்.

பிழை எங்கே இருக்கிறது என்று பாராமல், அது தெரிகிற இடத்திலேயே திருத்துவது புதியவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு. கையேட்டுக் கோப்பைத் திறந்தால், தானாக உருவாக்கப்பட்டது என்ற குறிப்பு அதன் முதல் வரிகளிலேயே இருக்கும். அதில் செய்யும் திருத்தம் அடுத்த முறை உருவாக்கும்போது அழிந்துவிடும். பாட் கோப்புகளிலும் சில, பெர்லின் உள்ளிணைப்புகளை விவரிக்கும் ‘பெர்ல்ஏபிஐ’ போன்றவை, சி மொழி மூலக் கோப்புகளில் உள்ள குறிப்புகளிலிருந்து உருவாக்கப்படுபவை. பெர்ல் மூலத்தில் ‘சீபேன்’ என்ற அடைவுக்குள் இருப்பவை வெளியே தனியாகப் பராமரிக்கப்படும் தொகுதிகள் என்பதால், திருத்தத்தை அவற்றின் பராமரிப்பாளருக்கே முதலில் அனுப்ப வேண்டும்.

உள்ளமைந்த செயற்கூறுகளை விளக்கும் ‘பெர்ல்ஃபங்க்’ பக்கத்தில் கூடுதல் கவனம் தேவை. ஒரு செயற்கூற்றின் விளக்கத்தை மட்டும் கேட்கும்போது, ஆவணங்களைக் காட்டும் பெர்ல்டாக் கட்டளை அப்பக்கத்தின் ‘=ஐட்டம்’ என்னும் பட்டியல் உறுப்பு வரிகளைத் தேடித்தான் விடை தருகிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று அவற்றைத் தலைப்புகளாக மாற்றினால் அந்தத் தேடல் முறிந்துவிடும். தலைப்பின் சொற்களை மாற்றுவதும் வேறு பக்கங்களிலிருந்து அதைச் சுட்டும் இணைப்புகளை அறுத்துவிடும்.

பாட்செக்கர் என்னும் சரிபார்ப்பு நிரலை இயக்கிவிட்டாலே போதும் என்ற எண்ணமும் சரியன்று. எச்சரிக்கை விருப்பத்தை இருமுறை கொடுத்தால் மட்டுமே அது தனித்து நிற்கும் கோணக்குறிகளைச் சுட்டிக்காட்டும். பாதியில் அறுந்த அம்புக்குறி இலக்கணப்படி பிழையற்றது, பொருளில்தான் பிழை. அதைக் கண்டுபிடிக்க, உருவான பக்கத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பெர்ல் மூலத்தோடு வரும் பாட்செக் சோதனை இன்னும் கண்டிப்பானது. நிரல் எடுத்துக்காட்டின் வரி மிக நீண்டுவிட்டாலும் குறை சொல்லும். 80 எழுத்து அகலமுள்ள டெர்மினலில் படிப்பவருக்கு வரி மடங்கிச் சிதறும் என்பதே காரணம். அந்தச் சோதனையைக் கடப்பதற்காக, எடுத்துக்காட்டைச் சுருக்காமல், சோதனை பொருட்படுத்தாமல் விடும் ‘அறியப்பட்ட குறைகள்’ கோப்பில் அதைச் சேர்த்துவிடுவது எனக்கு உடன்பாடில்லாத குறுக்குவழி. அந்த வரியைப் படிக்கப்போகிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

திருத்தத்தை அனுப்பும்போது, குறியைச் சரிசெய்யும் மாற்றத்தையும் பத்திகளின் வரிகளை மறுபடி மடித்து அடுக்கும் மாற்றத்தையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒரேயொரு > குறி மாறியிருக்க, இருபது வரிகள் மாறியதாக ஒப்பீட்டில் தெரிந்தால், சரிபார்ப்பவரால் உண்மையான மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியாது. மடிப்பு அவசியமானால் அதைத் தனி மாற்றமாக, உள்ளடக்கத்தில் எதையும் தொடவில்லை என்ற குறிப்போடு அனுப்பலாம்.