கரிசலில் வீடு கட்டும் முன்: மண் பரிசோதனையை நீங்களே நின்று பார்க்க ஒரு வழிகாட்டி

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மனை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், இந்த மண் எத்தனை டன் தாங்கும்?" கரிசலுக்கு அது இரண்டாவது கேள்விதான். தண்ணீர் பட்டால் எவ்வளவு வீங்கி உப்பும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். கோடையில் கரிசல் கையளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழையில் அதே மண் உப்பி எழும்பும். அந்த உந்துதல், தரைத்தள வீட்டுச் சுவர் கீழே கொடுக்கும் பாரத்தைவிட அதிகமாகவே இருக்கலாம். அதனால்தான் மூன்று மாடி நிற்கிற தெருவில் ஒற்றைத்தள வீட்டில் விரிசல் விடுகிறது. காம்பவுண்டுச் சுவர் கதி இன்னும் மோசம்.

மண் பரிசோதனைக்குத் துளை (போர்) போடுமுன் மனையைச் சுற்றி ஒரு நடை போங்கள். பக்கத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா பாருங்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கரிசல் எத்தனை அடி, அதன் கீழே வரும் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த மண்) எங்கே தொடங்குகிறது என்பது அதன் சுவரிலேயே தெரியும். ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து, இந்த இடத்தில் தூர்த்த கிணறோ ஊருணியோ இருந்ததா என்று கேளுங்கள். இரண்டு துளை போட்டாலும் நடுவில் இருக்கும் பழைய கிணறு தப்பிவிடும்.

எத்தனை துளை? சுமார் ஒரு ஏக்கர் மனைக்கு நான்கு மூலையில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என்கிறது ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தர விதிமுறை. சிறிய கட்டடத்துக்கு ஒன்றே போதும் என்று அதுவே சொல்கிறது. மூன்று சென்ட் மனைக்கும் எதிரெதிர் மூலையில் இரண்டு போடச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது. ஆழத்துக்குப் பொது விதி: பூட்டிங் (சுவருக்கோ தூணுக்கோ அடியில் அகலமாக விரியும் அஸ்திவாரம்) அடிமட்டத்துக்குக் கீழே அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. கரிசலில் அது போதாது. கறுப்பு மண் முடிந்து சுக்கானோ உதிர்பாறையோ வந்து, அதிலும் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் நிறுத்த வேண்டும்.

சம்மட்டிப் பரிசோதனை நடக்கும்போது அவசியம் பக்கத்தில் நில்லுங்கள். முக்காலியில் தொங்கும் 63.5 கிலோ எடை, 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, துளைக்குள் விட்ட ராடையும் அதன் நுனியிலுள்ள குழாயையும் மண்ணில் இறக்கும். ராடில் 15 செ.மீ.க்கு ஒன்றாக மூன்று சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள். முதல் 15 செ.மீ.க்கான அடிகள் கணக்கில் சேராது. அடுத்த இரண்டின் கூட்டுத்தொகைதான் 'என்' மதிப்பு. உதாரணமாக மூன்று கோட்டுக்கும் 4, 6, 8 தடவை அடித்தார்கள் என்றால் என் = 14. களிமண்ணில் 4க்குக் கீழே என்றால் மெத்து மண்; 8 முதல் 15 வரை விறைப்பு; 30க்கு மேல் கெட்டி.

இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, மதியத்துக்குமேல் கயிறு இழுப்பவர்கள் களைத்துப் போவார்கள். எடை 75க்குப் பதில் 60 செ.மீ.யில் விழும், அடி எண்ணிக்கை ஏறும், மண் இல்லாத பலத்தைக் காட்டும். கம்பியில் உயரக்குறி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது, சித்திரை வெயிலில் காய்ந்த கரிசல். அப்போது 20, 25 என்று அடிவாங்கும். கார்த்திகையில் அதில் பாதி வருமா என்பதே சந்தேகம். சுக்கான் கட்டி ஒன்று குழாய் வாயில் சிக்கினாலும் இதே கதைதான். அதனால் பரிசோதனை எந்த மாதத்தில் நடந்தது என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். துளையில் ஊறும் தண்ணீர் மட்டத்தை மறுநாள் அளக்கச் சொல்லுங்கள். போர் போட்ட உடனே அளந்தால் அது அவர்கள் ஊற்றிய தண்ணீர்.

லேபில் கட்டாயம் கேட்க வேண்டியது உப்புதல் சோதனை. மிக எளிமையானது. காயவைத்துச் சலித்த மண் பத்துப் பத்து கிராம், இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில். ஒன்றில் தண்ணீர், மற்றதில் கிருஷ்ணாயில். ஒரு நாள் விட வேண்டும். கிருஷ்ணாயிலில் களிமண் உப்பாது, அதனால் அதுதான் ஒப்பிடும் அளவு. அங்கே மண்ணின் அளவு 10 மி.லி., தண்ணீரில் 18 மி.லி. என்றால் உப்புதல் 80 சதவீதம். 50ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரம் வேண்டாம். (இந்தக் காலத்தில் கிருஷ்ணாயில் தேடுவதுதான் சிரமம்.)

அறிக்கை வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறார்கள். முதலில் துளை விவரப் பக்கத்தைப் படியுங்கள்: எந்த ஆழத்தில் எந்த மண், என்ன 'என்' மதிப்பு. நீங்கள் நின்று பார்த்ததோடு பொருந்துகிறதா? அப்புறம் நீர்ம வரம்பு, அதாவது எத்தனை சதவீத ஈரத்தில் மண் குழம்பாகிறது என்பது. 50க்கு மேல் இருந்தால் உப்பக்கூடிய களி என்று வைத்துக்கொண்டு, உப்புதல் சோதனையோடு சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் தாங்குதிறன். சதுர மீட்டருக்கு 10 டன் என்றாலும் 100 கிலோநியூட்டன் என்றாலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எந்த ஆழத்தில், எவ்வளவு அகல பூட்டிங்குக்கு என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை. மண் நழுவாமல் தாங்கும் அளவு ஒன்று, அமிழ்வு எல்லை மீறாத அளவு ஒன்று. இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

கரிசல் நான்கடி, ஐந்தடிக்குள் முடிந்தால் முழுவதையும் அள்ளிவிட்டுச் சரள்மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு உருட்டி இறுக்குங்கள். வெறும் மணலை நிரப்பினால் மழைத்தண்ணீர் அதில் தேங்கி அடியிலுள்ள கரிசலை ஊறவைக்கும். கரிசல் ஆழமாகப் போனால் அடியில் குமிழ் விரித்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் கம்பம்) போடுவது நல்லது. கம்பத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலக் குமிழ், குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம். மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் உப்பும் மண் பீமைத் தூக்கும். மேஸ்திரி அதை ஜல்லி போட்டு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வரைபடம் போடுவதற்கு முன்பே முடியுங்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான்: சுவரைச் சுற்றி நாலடிக்குச் சரிவான தளம் போடுங்கள், செப்டிக் டேங்கைத் தள்ளி வையுங்கள், வேப்பமரம் நட வேண்டுமென்றால் மனையின் கடைக்கோடியில் நடுங்கள்.