சோர்வு விதியில் சறுக்கும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) மேசையில், கதாபாத்திரத்தின் சோர்வைப் பற்றி வாக்குவாதம் மூண்டால், முதலில் புத்தகங்களின் ஆண்டைப் பாருங்கள். பாதி நேரம் ஒருவர் 2014 விதியைப் பேசுவார், மற்றவர் 2024 விதியைப் பேசுவார். இரண்டிலும் 6 நிலைகள், ஆறாவதில் மரணம். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

2014-இல் நிலைக்கு ஒரு தண்டனை: 1-இல் திறன் சோதனைகளுக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது), 2-இல் பாதி வேகம், 3-இல் தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் (ஆபத்தைத் தாங்கும் உருட்டல், சுருக்கமாக சேவ்) டிஸ்அட்வான்டேஜ், 4-இல் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உச்சவரம்பு பாதி, 5-இல் வேகம் 0. கீழ்நிலைத் தண்டனைகளும் கூடவே தொடரும். 2024-இல் நிலைக்கு 2 வீதம் எல்லா டி20 (20 பக்கப் பகடை) சோதனையிலும் கழியும். வேகம் நிலைக்கு 5 அடி குறையும். டிஸ்அட்வான்டேஜை, நண்பரின் ‘ஹெல்ப்’ (உதவி) தரும் அட்வான்டேஜ் (இரண்டில் பெரியதை எடுப்பது) ரத்து செய்துவிடும். கழித்தல் அப்படிப் போகாது. அட்வான்டேஜ் கிடைத்தாலும், 3-ஆம் நிலையில் −6 என்றால் −6தான்.

இனிஷியேட்டிவும் (சண்டையில் யார் முதல் என்ற உருட்டல்) டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சோதனைதான் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 2014-இன் முதல் நிலையே அதைத் தொடும். 3-ஆம் நிலையில் இருப்பவர் உயிர்ப் புள்ளி தீர்ந்து விழுந்தால் டெத் சேவும் (சாகாமல் தப்பும் உருட்டல்) டிஸ்அட்வான்டேஜில்தான். நேர்மாறான தவறும் உண்டு: 2024-இல் டேமேஜிலும் ஸ்பெல் டிசியிலும் (டிசி என்பது உருட்டி எட்டவேண்டிய இலக்கு எண்) எதுவும் குறையாது. கழித்துவிடாதீர்கள்.

அடுத்தது வெயில். சிங்கப்பூரில் விளையாடுகிற நமக்குக் காடு என்றாலே கடும் வெப்பம் என்று தோன்றும். விதியில் அது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். இங்கே பதிவான உச்சமே 37.0தான், 1983-இலும் 2023-இலும். ஆக, நம் ஊர் வெயில் அந்த விதிக்குள் வராது! 2014 விதியில் மணிக்கொரு சேவ் (டிசி 5, பிறகு மணிக்கு 1 கூடும்) குடிநீர் இல்லாதவருக்கு மட்டுமே. நிறைந்த தோல்பையோடு நடப்பவரை உருட்டச் சொல்லக் கூடாது. சாதாரண வெக்கையில் நடப்பது வேறு: தண்ணீர்த் தேவை நாளுக்கு 1 கேலனிலிருந்து 2 கேலனாகிறது. ஒரு தோல்பையில் அரை கேலன். எனவே ஆளுக்கு நான்கு பை, 20 பவுண்டு எடை. சுமைக் கணக்கில் இதை எழுதுபவர்கள் குறைவு.

எட்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கவைக்கும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்), முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். டிசி 10, கூடுதல் மணிக்கு 1 ஏறும்; தோற்றால் ஒரு நிலை சோர்வு. கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலிமை) சேவ் +2 உள்ளவர் 9-ஆம் மணியில் டிசி 11-க்கு உருட்டித் தோற்க 40% வாய்ப்பு. 2024 விதியில் இரண்டு முறை தோற்றிருந்தால் −4. 11-ஆம் மணியில் டிசி 13-க்குத் தோற்கும் வாய்ப்பு 70% ஆகிவிடும். அதன் பிறகு சரிவுதான்.

மீள்வது மெதுவாக நடக்கும். லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) ஒன்றுக்கு ஒரு நிலை. 2014-இல் அன்று சாப்பிட்டுக் குடித்திருக்கவும் வேண்டும். ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் பானம்) சோர்வைத் தொடாது. கிரேட்டர் ரெஸ்டோரேஷன் மந்திரம் ஒரு முறைக்கு ஒரு நிலையை நீக்கும், 100 தங்க நாணய மதிப்புள்ள வைரத்தூள் கரையும். விதிவிலக்கு 2014-இன் துரத்தல் விதி: ஓடிப் பெற்ற சோர்வு ஷார்ட் ரெஸ்டிலேயே (குறுகிய ஓய்வு) போய்விடும்.

நிலையைக் காட்ட கேரக்டர் ஷீட்டின் மேல் ஒரு டி6 (ஆறு பக்கப் பகடை) வைத்தால் போதும். ஆனால் கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பகடையைப் பைக்குள் போடுவதற்கு முன், எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.